சிறு சங்கங்களுக்கு லாட்டரி நிதி: பிரிட்டனில் விண்ணப்பிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பிரிட்டனில் சிறிய தமிழ்ச் சங்கம், முதியோர் குழு, வார இறுதித் தமிழ்ப் பள்ளி, விளையாட்டுக் கழகம் என்று ஏதாவது ஒன்றை நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மண்டப வாடகைக்கு ஒவ்வொரு மாதமும் உறுப்பினர்களிடம் பணம் திரட்டிக்கொண்டிருப்பீர்கள். நேஷனல் லாட்டரி டிக்கெட் விற்ற பணத்தில் ஒரு பங்கு நற்பணிகளுக்கென்றே ஒதுக்கப்படுகிறது, இப்படிப்பட்ட குழுக்களும் அதில் கேட்கலாம். அதைக் கேட்டு வாங்கும் குழுக்களில் நம்முடையவை இன்னும் நிறைய இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

எங்கள் முதியோர் குழுவுக்காக இந்த வேலை என்னிடம் வந்தது. எல்லோரும் படிவத்தை நினைத்துத்தான் பயந்தோம். ஆனால் படிவம் சில நாள் மாலை நேரத்தில் முடிந்துவிட்டது. அதற்கு முன்னால் தயாராக இருக்க வேண்டிய செயற்குழு, விதிமுறைகள், வங்கிக் கணக்கு ஆகிய மூன்றும்தான் மாதக்கணக்கில் இழுத்தன. அதனால் இந்தக் கட்டுரையிலும் படிவம் கடைசிப் பக்கத்தில்தான் வரும்.

1. பணம் எந்த வழியாக உங்களிடம் வருகிறது

இதைத் தெரிந்துகொண்டால் யாரிடம் கேட்பது என்பதில் குழப்பம் வராது. லாட்டரியை நடத்துவது ஒரு தனியார் நிறுவனம். 2024 பிப்ரவரியிலிருந்து அது ஆல்வின். நற்பணிகளுக்கான பங்கை அந்த நிறுவனம் அரசின் கண்காணிப்பில் உள்ள ஒரு பொது நிதியில் செலுத்துகிறது. அந்த நிதி சட்டப்படி நான்காகப் பிரிகிறது: சுகாதாரம், கல்வி, சுற்றுச்சூழல், அறப்பணி ஆகியவற்றுக்குச் சேர்த்து 40 சதவீதம், கலைக்கு 20, விளையாட்டுக்கு 20, மரபுச் செல்வங்களுக்கு 20.

இந்தப் பங்குகளைப் பகிர்ந்து கொடுப்பவை அரசு நியமித்த பொது அமைப்புகள். எந்தச் சங்கத்துக்கு எவ்வளவு என்று அமைச்சர் முடிவு செய்வதில்லை, உங்கள் தொகுதி எம்.பி.யும் முடிவு செய்வதில்லை. எம்.பி.யிடம் மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் சங்கங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வழியில் பணம் வராது.

அந்த 40 சதவீதத்தைக் கையாளுவது 'நேஷனல் லாட்டரி கம்யூனிட்டி ஃபண்ட்'. சிறு குழுக்களுக்கு முதல் வாசல் இதுதான். போஸ்ட்கோட் லாட்டரி, ஹெல்த் லாட்டரி, கவுன்சில்கள் நடத்தும் உள்ளூர் லாட்டரி எல்லாம் வேறு. அவற்றுக்குத் தனி விதிகள், தனிப் படிவங்கள்.

2. எந்தத் திட்டத்துக்கு விண்ணப்பிப்பது

முதல் முறை கேட்கும் குழுவுக்கு என் பரிந்துரை 'அவார்ட்ஸ் ஃபார் ஆல்' என்ற சிறு நிதித் திட்டம். இங்கிலாந்தில் 300 பவுண்டிலிருந்து 20,000 பவுண்டு வரை கேட்கலாம். செலவு செய்ய இரண்டு வருடம் வரை எடுத்துக்கொள்ளலாம். முன்பு இதன் உச்ச வரம்பு 10,000 பவுண்டு. பழைய காணொளிகளும் வழிகாட்டிகளும் இன்னும் அந்தத் தொகையையே சொல்லிக்கொண்டிருக்கும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்கும் இதே பெயரில் திட்டம் உண்டு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் இருக்கிறது, உங்கள் நாட்டுக்கான பக்கத்தைத்தான் படிக்க வேண்டும். விதிகள் அவ்வப்போது மாறுவதால் விண்ணப்பிக்கும் வாரத்தில் ஒரு முறை புதிதாகப் படித்துவிடுங்கள்.

20,000 பவுண்டுக்கு மேல் வேண்டுமானால் இங்கிலாந்தில் 'ரீச்சிங் கம்யூனிட்டீஸ்' இருக்கிறது. அது ஐந்து வருடம் வரை நீளும். கேள்விகளும் ஆழமாக இருக்கும். முதல் தடவையே அங்கே போக வேண்டாம். ஒரு சிறு நிதியை வாங்கி, ஒழுங்காகச் செலவழித்து, கணக்குக் காட்டிய பிறகு போனால் கையில் ஒரு சாட்சி இருக்கும்.

பரதம், நாடகம், இசை என்று கலைதான் உங்கள் மையம் என்றால் ஆர்ட்ஸ் கவுன்சில் இங்கிலாந்தின் 'நேஷனல் லாட்டரி புராஜெக்ட் கிராண்ட்ஸ்' பாருங்கள். அது 1,000 பவுண்டில் தொடங்குகிறது. முதியவர்களின் புலம்பெயர் அனுபவங்களை ஒலிப்பதிவு செய்து ஆவணமாக்கும் வேலை என்றால் 'நேஷனல் லாட்டரி ஹெரிட்டேஜ் ஃபண்ட்'. அங்கே குறைந்த தொகையே 10,000 பவுண்டு. கிரிக்கெட், கரப்பந்து, பூப்பந்துக்கு ஸ்போர்ட் இங்கிலாந்து. இங்கிருந்து கீழே சொல்வது எல்லாம் இங்கிலாந்தின் அவார்ட்ஸ் ஃபார் ஆல் பற்றியது. ஆனால் தயாரிப்பு வேலை எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

தனி மனிதர்கள் விண்ணப்பிக்க முடியாது. லாபத்தைப் பங்கு போடும் கம்பெனிகளும் முடியாது. ஒரு சங்கம் இன்னொரு சங்கத்துக்காக விண்ணப்பிப்பதும் கூடாது. பதிவு பெற்ற அறக்கட்டளையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எழுதப்பட்ட விதிமுறை உள்ள ஒரு சாதாரணக் குழுவாக இருந்தால் போதும். புதிதாகத் தொடங்கிய குழுவும் கேட்கலாம்.

3. செயற்குழுவில் உறவு முறையைச் சரிபாருங்கள்

நம் சங்கங்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. உங்கள் செயற்குழுவில் ஒருவருக்கொருவர் உறவில்லாத குறைந்தது இருவர் இருக்க வேண்டும். உறவு என்றால் இரத்த உறவு, திருமணம், சேர்ந்து வாழும் துணை, ஒரே முகவரியில் வசிப்பவர் எல்லாமே அடங்கும்.

நம் ஊர்ப் பழக்கத்தில் சங்கம் ஒரு குடும்பத்தின் முயற்சியில்தான் தொடங்கும். கணவர் தலைவர், மனைவி பொருளாளர், மனைவியின் தம்பி செயலாளர். அவர்கள் உழைப்பு உண்மையானது, அவர்கள் இல்லாவிட்டால் அந்தச் சங்கமே இருந்திருக்காது. ஆனால் பொதுப் பணத்தைக் கொடுப்பவர்கள் அந்த அமைப்பைப் பார்த்தால் கட்டுப்பாடு இல்லை என்றுதான் நினைப்பார்கள். ஆகவே, விண்ணப்பத்துக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே ஒரு பொதுக்கூட்டம் போட்டு, குடும்பத்துக்கு வெளியே உள்ளவர்களைச் செயற்குழுவுக்குக் கொண்டு வாருங்கள். இருவர் போதும் என்று விதி சொன்னாலும் ஐந்து பேர் இருந்தால் நல்லது. ஒருவர் ஊருக்குப் போனாலும் வேலை நிற்காது. மைத்துனர், சம்பந்தி உறவுகளையும் இந்தக் கணக்கில் உறவாகவே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு விளக்கம் சொல்லும் வேலை மிச்சம்.

கூட்டத்தில் யார் வந்தார்கள், யார் எந்தப் பதவிக்குத் தெரிவானார்கள் என்பதைத் தேதியோடு எழுதி, தலைவர் கையெழுத்துடன் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கூட்டக் குறிப்பை வங்கி கேட்கும். அது வங்கிக்காக என்பதால் ஆங்கிலத்திலும் ஒரு பிரதி வேண்டும்.

4. யாப்பு, அதாவது சங்கத்தின் விதிமுறைப் பத்திரம்

மூன்று நான்கு பக்கம் போதும். சங்கத்தின் பெயர், நோக்கம், யார் உறுப்பினராகலாம், செயற்குழு எப்படித் தெரிவாகும், வருடக் கூட்டம் எப்போது, பணத்தை யார் கையாளுவார்கள், சங்கம் கலைந்தால் மிச்சப் பணமும் பொருள்களும் எங்கே போகும். கடைசியாகச் சொன்ன பிரிவை யாரும் விட்டுவிடாதீர்கள். "மிச்சம் உறுப்பினர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படும்" என்று எழுதியிருந்தால் உங்கள் சங்கம் லாப நோக்கற்றது என்று யாரும் ஏற்கமாட்டார்கள். இதே போன்ற நோக்கமுள்ள வேறொரு பொது அமைப்புக்குப் போகும் என்று இருக்க வேண்டும்.

இதற்குச் சட்டத்தரணிக்குப் பணம் கொடுக்க வேண்டாம். இங்கிலாந்து, வேல்ஸுக்கான சாரிட்டி கமிஷன் மாதிரி விதிமுறைப் பத்திரங்களை இலவசமாக வைத்திருக்கிறது. உங்கள் போரோவில் தன்னார்வ அமைப்புகளுக்கு உதவும் ஒரு கவுன்சில் இருக்கும், சி.வி.எஸ். என்பார்கள். பல இடங்களில் அவர்களே பத்திரத்தைப் படித்துத் திருத்தம் சொல்வார்கள்.

நோக்கம் எழுதும்போது "உலகெங்கும் தமிழை வளர்த்தல்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நீங்கள் இந்த ஊரில் யாருக்கு என்ன செய்கிறீர்கள் என்பது அதில் தெரிய வேண்டும். ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் இருக்கும் தமிழ் முதியவர்களின் தனிமையைப் போக்குவது என்று ஒரு வரி இருந்தால், பின்னால் படிவத்தில் எழுதப்போவதோடு அது ஒட்டி நிற்கும்.

5. வங்கிக் கணக்கு: அதிக நாள் எடுப்பது இதுதான்

பணம் சங்கத்தின் பெயரில் உள்ள பிரிட்டன் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். பொருளாளரின் சொந்தக் கணக்கு செல்லாது. உறவில்லாத குறைந்தது இருவர் அந்தக் கணக்கை நிர்வகிப்பவர்களாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் இருவர் ஒப்புதல் என்று வைத்துக்கொள்வது நல்லது. இணைய வங்கியில் அதற்கு வசதி இருக்கிறதா என்று கணக்குத் திறப்பதற்கு முன்பே கேளுங்கள். சில வங்கிகளில் ஒருவர் மட்டும் தட்டினால் பணம் போய்விடும்.

சங்கங்களுக்கான கணக்கைப் பல வங்கிகள் தனி வகையாக வைத்திருக்கின்றன. சில மாதக் கட்டணம் எடுக்கும், சில எடுக்காது. கட்டணம் சிறிதாகத் தெரிந்தாலும் வருடக் கணக்கில் ஒரு நாள் மண்டப வாடகைக்கு மேல் வந்துவிடும். கேட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

வங்கி என்ன கேட்கும்? யாப்பு, பதவியாளர் தெரிவான கூட்டக் குறிப்பு, கையெழுத்திடும் ஒவ்வொருவரின் பாஸ்போர்ட் அல்லது ஓட்டுநர் உரிமம், முகவரிச் சான்று. இவை எல்லாம் சரியாக இருந்தாலும் சில வாரங்கள் ஆகும். ஒரு தாளில் ஏதாவது ஒரு எழுத்து பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பிவிட்டு மறுபடி வரிசையின் கடைசியில் நிறுத்துவார்கள். எங்களுக்கு அப்படித்தான் ஒரு வங்கி செய்தது. காரணம் கேட்டும் தெளிவாகச் சொல்லவில்லை. அதனால் பண்டிகைக்கு முன் தொடங்க வேண்டிய நிகழ்வு அந்த வருடம் நடக்கவேயில்லை. மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்காதது ஒன்றுதான் ஆறுதல்.

இங்கே நமக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக எழுதுவோம். 'தமிழ்' என்பதில் டி-க்குப் பிறகு எச் சேர்த்து ஒருவர், சேர்க்காமல் ஒருவர். 'சங்கம்' என்பதற்கு ஜி போட்டு ஒருவர், கே போட்டு ஒருவர். யாப்பில் ஒரு விதம், வங்கி அறிக்கையில் ஒரு விதம், படிவத்தில் மூன்றாவது விதம் இருந்தால் அவை மூன்று வெவ்வேறு அமைப்புகள் என்றே சரிபார்ப்பவர் எடுத்துக்கொள்வார். முதல் நாளே ஒரு எழுத்துக்கூட்டைத் தீர்மானித்து, எல்லாத் தாளிலும் அதையே எழுதுங்கள். ஆட்களின் பெயரிலும் இதே கவனம் வேண்டும். தகப்பனார் பெயர் முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா, இனிஷியல் விரித்து எழுதியிருக்கிறதா என்பதைப் பாஸ்போர்ட்டில் பார்த்து அப்படியே போடுங்கள். ஊரில் எல்லோரும் அழைக்கும் பெயர் படிவத்தில் உதவாது.

விண்ணப்பத்தோடு வங்கி அறிக்கை ஒன்றை இணைக்க வேண்டும். அது கடந்த மூன்று மாதத்துக்குள் வந்ததாக, சங்கத்தின் சட்டப் பெயர், முகவரி, வங்கியின் பெயர், கணக்கு எண், சோர்ட் கோட், தேதி எல்லாம் தெரிவதாக இருக்க வேண்டும். கைபேசித் திரையைப் படம் எடுத்து அனுப்பினால் இவற்றில் பாதி தெரியாது. வங்கி தரும் முழு அறிக்கையையே இணையுங்கள்.

6. என்ன கேட்கலாம், என்ன கேட்கக் கூடாது

நிதி கொடுப்பவர்கள் பார்ப்பது உங்கள் சங்கத்தின் தேவையை அல்ல. இந்தப் பகுதியில் வாழும் மக்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதைத்தான். "எங்கள் சங்கத்துக்கு ஒலிபெருக்கி வேண்டும்" என்பது பலவீனமான கோரிக்கை. "வீட்டை விட்டு வெளியே வராத முதியவர்கள் வாரம் ஒரு முறை சந்திக்க இடமும் அதை நடத்த உபகரணமும் வேண்டும்" என்பது அதே ஒலிபெருக்கியைக் கேட்கும் சரியான வழி. ஆனால் அந்தச் சந்திப்பு நிஜமாகவே நடக்க வேண்டும், வார்த்தை ஜோடனையாக இருக்கக் கூடாது.

பிரிட்டனுக்கு வெளியே நடக்கும் வேலைக்கு இந்தப் பணம் கிடையாது. பழைய மாணவர் சங்கங்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஊர்ப் பள்ளிக்குக் கட்டடம் கட்ட, வெள்ள நிவாரணம் அனுப்ப இதில் கேட்க முடியாது. அதே பழைய மாணவர்கள் லண்டனில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வேலைவாய்ப்பு வழிகாட்டல் நடத்தினால் கேட்கலாம்.

சமய வழிபாட்டுக்கும் கிடையாது. கோயில் நிர்வாகம் விண்ணப்பிக்கத் தடை இல்லை. தேர்த் திருவிழாவுக்கும் அர்ச்சனைக்கும் கேட்கக் கூடாது. கோயில் மண்டபத்தில் எல்லோருக்கும் திறந்த முதியோர் மதிய உணவு, உடற்பயிற்சி வகுப்பு என்றால் தாராளமாகக் கேட்கலாம். எல்லோருக்கும் திறந்தது என்பதை வெறும் வாசகமாக விடாமல், வேறு சமயத்தவரும் எப்படி அறிவார்கள், எப்படி வருவார்கள் என்று எழுதுங்கள்.

ஏற்கெனவே செலவழித்துவிட்டதைத் திரும்பக் கேட்க முடியாது. முடிவு வருவதற்கு முன் முன்பணம் கட்டினால் அது உங்கள் பணம்தான். மது, கடன் அடைத்தல், நிதி திரட்டும் நிகழ்ச்சிக்கான செலவு, அரசியல் பணி, சட்டப்படி கவுன்சிலோ பள்ளியோ செய்தே ஆக வேண்டிய வேலை, எதிர்பாராச் செலவுக்கு என்று ஒதுக்கும் தொகை, இவை எதுவும் சேராது.

தமிழர்களுக்கு மட்டும் என்று ஒரு திட்டம் வைக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். மொழி காரணமாக மற்ற சேவைகளைப் பயன்படுத்த முடியாதவர்களுக்காக என்று காரணம் காட்டினால் வைக்கலாம். அந்தக் காரணத்துக்கு ஆதாரம் தேடுங்கள். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முதன்மை மொழி எது என்று கேட்டிருக்கிறார்கள், பகுதி வாரியாக எண்ணிக்கை இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் பகுதி எவ்வளவு பின்தங்கியது என்பதற்கு அரசின் பற்றாக்குறைக் குறியீட்டு வரைபடம் இருக்கிறது, போஸ்ட்கோடு போட்டால் தெரியும். இவற்றைவிடப் பெரிய ஆதாரம் உங்கள் மக்களின் வாய்மொழி. ஒரு பக்கக் கேள்வித்தாள் தமிழில் அடித்து, வருகிறவர்களிடம் கொடுங்கள். எழுத முடியாதவர்களிடம் கேட்டு நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எந்த நாள் வசதி, எது வேண்டும், எது தடையாக இருக்கிறது என்று மூன்றே கேள்வி போதும். எங்கள் குழுவில் யோகா வேண்டும் என்பார்கள் என்று நினைத்திருந்தோம். பெரும்பாலானோர் கேட்டது மருத்துவமனைக் கடிதங்களைப் படித்து விளக்க ஒருவர். திட்டமே அதைச் சுற்றித்தான் அமைந்தது, படிவத்தில் உயிருள்ள பகுதியும் அதுதான்.

உங்களுக்கு முன் யார் வாங்கியிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். 'கிராண்ட்நேவ்' என்ற இலவசத் தேடல் தளத்தில் லாட்டரி நிதி பெற்ற அமைப்புகளின் பெயரும் தொகையும் ஒரு சிறு விளக்கமும் இருக்கும். உங்கள் போரோவின் பெயரைப் போட்டுத் தேடினால் உங்கள் அளவிலான குழுக்கள் எவ்வளவு கேட்டு எதற்கு வாங்கின என்று விளங்கிவிடும்.

7. செலவுத் திட்டம்

உருண்டைத் தொகைகளைப் பார்த்தாலே குத்துமதிப்பு என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு வரியையும் பெருக்கிக் காட்டுங்கள். வருடத்தில் 40 வாரம் நடக்கும் ஒரு முதியோர் சந்திப்பை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம், விலைகளை உங்கள் பகுதிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

மண்டபம், மணிக்கு 25 பவுண்டு, 3 மணி நேரம், 40 வாரம்: 3,000
பயிற்சியாளர், வாரம் 45 பவுண்டு: 1,800
தேநீர், சிற்றுண்டி, வாரம் 20 பவுண்டு: 800
தன்னார்வலர் நால்வரின் பயணச் செலவு, ஆளுக்கு வாரம் 4 பவுண்டு: 640
காப்புறுதி: 150
மடிக்கணினி ஒன்று: 450
மொத்தம்: 6,840 பவுண்டு

மண்டபத்தை மூன்று மணி நேரம் பயன்படுத்துவதென்றால், மேசை நாற்காலி எடுத்து வைத்து அடுக்கும் நேரமும் அந்த மூன்றுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். பல மண்டபங்கள் அதற்கும் வாடகை போடும். பொதுமக்களுக்கு ஏதாவது நேர்ந்தால் ஈடு செய்யும் காப்புறுதி இல்லாமல் பல மண்டபங்கள் தரவே மாட்டார்கள், அதனால் அந்தச் செலவை மறக்காதீர்கள். உங்கள் சங்கம் வாட் வரியைத் திரும்பப் பெற முடியாது என்றால் வரி சேர்த்த விலையைப் போடுங்கள். பெரிய செலவுக்கு எழுத்தில் விலை கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நிதி இரண்டாம் வருடத்துக்கும் என்றால் வாடகை ஏறும் என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தன்னார்வலரின் பயணச் செலவைப் போடுவதற்கு நம்மில் பலர் கூச்சப்படுகிறார்கள். சேவைக்குக் காசு வாங்குவதா என்று. நான் வேறு மாதிரி நினைக்கிறேன். பஸ் காசு கொடுக்காவிட்டால் வசதியுள்ளவர்கள் மட்டுமே சேவை செய்ய முடியும்.

படிவம் எழுதித் தருகிறேன், கிடைக்கும் தொகையில் பத்து சதவீதம் கொடுங்கள் என்று சிலர் வருவார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது. நிதியிலிருந்து அப்படி ஒரு பங்கு கொடுப்பது நிபந்தனைகளுக்குப் புறம்பானது. அதே உதவியை சி.வி.எஸ். இலவசமாகவோ மிகக் குறைந்த செலவிலோ செய்யும். கம்யூனிட்டி ஃபண்டுக்கே தொலைபேசி ஆலோசனை வரிசை உண்டு. தயங்காமல் அழையுங்கள், பொறுமையாகப் பேசுகிறார்கள்.

8. படிவம்

இணையத்தில் நிரப்புவது. பாதியில் சேமித்துவிட்டு மறுநாள் தொடரலாம். இரண்டு தொடர்பாளர்களைக் கேட்கும். ஒருவர் அன்றாடத் தொடர்புக்கு, மற்றவர் சட்டப் பொறுப்புள்ள மூத்த தொடர்பாளர், உதாரணமாகத் தலைவர் அல்லது பொருளாளர். இருவரும் வேறு வேறு ஆட்களாக, உறவில்லாதவர்களாக இருக்க வேண்டும். இருவரின் பிறந்த தேதி, வீட்டு முகவரி எல்லாம் கேட்கும், அவற்றைச் சரிபார்ப்பார்கள். அண்மையில் வீடு மாறியவர் என்றால் பழைய முகவரியையும் கையில் வைத்திருங்கள்.

அப்புறம் மூன்று விஷயத்தை எழுத வேண்டும்: என்ன செய்யப்போகிறீர்கள், அது அவர்களுடைய நோக்கங்களில் ஒன்றோடு எப்படிப் பொருந்துகிறது, இந்த யோசனையில் உங்கள் மக்களுக்கு என்ன பங்கு. ஒவ்வொன்றுக்கும் சொல் வரம்பு உண்டு, சில நூறு சொல்தான். சங்கத்தின் வரலாற்றில் அதை வீணாக்காதீர்கள். நாள், இடம், நேரம், எத்தனை பேர், யார் நடத்துவார்கள் என்பதிலிருந்தே தொடங்குங்கள்.

மூன்றாவது கேள்வியைப் பலர் இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். அங்கேதான் உங்கள் கேள்வித்தாள் பேச வேண்டும். யாரிடம் கேட்டீர்கள், என்ன சொன்னார்கள், அதனால் திட்டத்தில் எதை மாற்றினீர்கள். முதலில் தமிழில் எழுதி, பிறகு ஆங்கிலத்தில் கொண்டுவருவது எங்களுக்கு உதவியது. தமிழில் எழுதும்போது உண்மையில் நடப்பதை எழுதுவோம். நேராக ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் வேறு விண்ணப்பங்களில் படித்த பெரிய வார்த்தைகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆங்கிலம் எளிமையாக இருந்தால் மதிப்புக் குறையாது.

பிள்ளைகளோடோ பலவீனமான முதியவர்களோடோ வேலை செய்தால் பாதுகாப்புக் கொள்கை ஒன்று எழுத்தில் இருக்க வேண்டும். அவர்களோடு நெருங்கிப் பழகும் பொறுப்பில் உள்ளவர்களுக்கு டி.பி.எஸ். எனப்படும் பின்னணிச் சோதனை தேவைப்படும். தன்னார்வலருக்கு அரசின் கட்டணம் இல்லை, இடையில் ஏற்பாடு செய்யும் அமைப்பு ஒரு சிறு தொகை வாங்கலாம்.

9. எப்போது அனுப்புவது, பதில் எப்போது வரும்

இந்தத் திட்டத்துக்குக் கடைசித் தேதி என்று ஒன்று இல்லை. வருடம் முழுவதும் அனுப்பலாம். பதில் வர மூன்று நான்கு மாதம் ஆகும் என்று கணக்கு வையுங்கள். தைப் பொங்கலுக்கு நிகழ்வு என்றால் ஆகஸ்டில் விண்ணப்பம் போயிருக்க வேண்டும். வங்கிக் கணக்கும் இனித்தான் திறக்க வேண்டும் என்றால் அதற்கு முந்தைய வசந்த காலத்திலேயே தொடங்குங்கள்.

இடையில் மின்னஞ்சலில் விளக்கம் கேட்பார்கள், அல்லது அழைப்பார்கள். தெரியாத எண் என்று எடுக்காமல் விடாதீர்கள். தொடர்பாளர் ஊருக்குப் போகிற மாதமாக இருந்தால் வேறொருவரைப் போடுங்கள். நேர்மாறாக, நீங்கள் விண்ணப்பிக்காமலே "உங்களுக்கு லாட்டரி நிதி ஒதுக்கப்பட்டுள்ளது, முதலில் கட்டணம் செலுத்துங்கள்" என்று மின்னஞ்சல் வந்தால் அது மோசடி.

இல்லை என்று பதில் வந்தால் மனம் உடைய வேண்டாம். கேட்கும் எல்லோருக்கும் கொடுக்கப் பணம் இல்லாததால் நல்ல விண்ணப்பங்களும் திரும்புகின்றன. காரணத்தைக் கேளுங்கள். தகுதிப் பிரச்சினையா, போட்டியில் பின்தங்கியதா என்பது முக்கியம். முதலாவது என்றால் தாள்களைச் சரிசெய்தால் போதும். இரண்டாவது என்றால் திட்டத்தையே கூர்மையாக்க வேண்டும். அதே படிவத்தை வார்த்தை மாற்றாமல் திரும்ப அனுப்புவது உங்களுக்கும் அவர்களுக்கும் நேர விரயம்.

10. பணம் வந்த பிறகு

நிபந்தனைகளைப் பொருளாளர் மட்டும் படிக்காமல் செயற்குழு முழுவதும் படிக்க வேண்டும். எதற்குக் கேட்டீர்களோ அதற்கே செலவழிக்க வேண்டும். மண்டபம் மாறுகிறது, பயிற்சியாளர் கிடைக்கவில்லை, நாள் தள்ளிப்போகிறது என்றால் செலவழிப்பதற்கு முன் எழுதிக் கேளுங்கள். நியாயமான மாற்றத்துக்குப் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். செலவழித்த பிறகு சொன்னால் பணத்தைத் திருப்பிக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.

இந்த நிதிக்கு ஒரு தனிக் கோப்பு வையுங்கள். ரசீது இல்லாத செலவு வேண்டாம், தேநீர்ப் பொட்டலமானாலும் சரி. ரசீதுக் காகிதத்தில் மை மங்கிவிடும் என்பதால் அன்றைக்கே படம் எடுத்துச் சேமியுங்கள். வருகைப் பதிவும் அப்படித்தான், ஒவ்வொரு வாரமும் எழுதினால் ஐந்து நிமிடம், வருடக் கடைசியில் நினைவிலிருந்து எழுதுவது முடியாத காரியம். நிகழ்ச்சி அறிவிப்புகளில் நேஷனல் லாட்டரியின் சின்னத்தைப் போட வேண்டும், அதற்கான படக்கோப்புகளை அவர்கள் தளத்திலிருந்தே எடுக்கலாம்.

இன்னொன்றைப் பல சங்கங்கள் பணம் வந்த பிறகுதான் கண்டுபிடிக்கின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும், அறநோக்கம் மட்டுமே உள்ள அமைப்பின் வருட வருமானம் 5,000 பவுண்டைத் தாண்டினால் சாரிட்டி கமிஷனில் பதிவு செய்வது சட்டப்படி கட்டாயம். சந்தாவில் வருடம் 1,500 பவுண்டு மட்டும் பார்த்த சங்கம் 6,840 பவுண்டு நிதி வாங்கிய அன்றே அந்தக் கோட்டைக் கடந்துவிடுகிறது. பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் யாப்பைத் திருத்த வேண்டியிருக்கலாம், பொறுப்பாளர்கள் ஒவ்வொருவரும் உறுதிமொழி தர வேண்டும், பதில் வரவும் நாளாகும். விண்ணப்பத்தை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் அந்த மூன்று நான்கு மாதத்தில் இதைச் செயற்குழுவில் பேசி, பதிவுக்கான தாள்களைத் தயார் செய்து வைத்துவிடுங்கள். வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் பதிவு செய்யப்போகும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இங்கேயும் ஒரு முறை பாருங்கள்.